வீட்டுக் கணக்கும் சைவ வாழ்வும்

சிவமயம்



ஆலய மலருக்குக் கட்டுரை எழுதுவதென்றால் தல மகிமை, விரத மகிமை, திருநீற்றின் பெருமை என்று எழுதுவதே வழக்கம். நானும் முன்னர் அவ்வாறு எழுதியவன்தான். இம்முறை மலர்க்குழுவினர் கேட்டபோது, வீட்டு வரவு செலவைப் பற்றி எழுதப்போகின்றேன் என்றேன். “கோயில் மலரிலை காசுக் கதையோ ஐயா?” என்று அவர்களுள் ஒருவர் சிரித்தார். அவருக்கு நான் ஒரு கேள்வியையே மறுமொழியாகச் சொன்னேன். தீபாராதனை நேரத்தில் மணி ஒலிக்க, கைகூப்பிக் கண்ணை மூடி நிற்கின்றோமே, அந்த வேளையில் எங்கள் மனத்தில் ஓடுவது என்ன? உண்மையைச் சொன்னால், பலருக்கு அங்கே வந்து நிற்பது நாளைக்குக் கட்டவேண்டிய தவணைக் காசு. கடைக்கொப்பியில் ஏறியிருக்கும் பாக்கி. அடைவில் இருக்கும் சங்கிலி. கடன் இருக்கும் மனத்தில் தியானம் நிலைப்பதில்லை. ஆகவே காசுக் கதையும் சமயக் கதைதான்.

பொருள் தேடுவது பாவமா?

சைவர்கள் பொருளை வெறுக்க வேண்டும் என்று சிலர் பேசுவதைக் கேட்கின்றோம். துறவிக்கு அது பொருந்தும். இல்லறத்தானுக்குப் பொருந்தாது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கு உறுதிப் பொருள்களில் பொருளுக்கு இரண்டாம் இடம் கொடுத்திருக்கின்றார்கள். அறத்துக்குப் பின்னால் அதை வைத்ததன் காரணம், அறவழியில் வந்த பொருளே பொருள் என்பதற்காக. இன்பத்துக்கு முன்னால் வைத்ததன் காரணம், பொருளைக் கணக்குப் பார்க்காமல் இன்பத்தை முதலில் தேடினால் இரண்டும் போய்விடும் என்பதற்காக. நான் இதனை இவ்வாறே விளங்கிக்கொள்கின்றேன்.

திருக்குறளில் இல்வாழ்க்கை என்னும் அதிகாரத்திலே இல்லறத்தானுக்குரிய ஐந்து கடமைகள் சொல்லப்படுகின்றன. மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்று அந்த ஐந்தும் அமையும். உரையாசிரியர் பரிமேலழகர் இதற்கு உரை எழுதும்போது ஒரு கணக்கைச் சொல்கின்றார். வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு இறை என்றும், ஏனைய ஐந்து பங்கும் இந்த ஐந்து கடமைகளுக்கும் வேண்டும் என்றும் அவர் விளக்குகின்றார். இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இல்லறம் என்பது பங்கு பிரித்துச் செலவழிப்பது. பங்கு பிரிப்பதென்றால் எவ்வளவு வருகின்றது என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, அந்தப் பட்டியலில் “தான்” என்பதும் இருக்கின்றது. தன்னையும் தன் குடும்பத்தையும் நாளைக்கும் நிலைநிறுத்துவது தன்னலம் அன்று, அதுவும் கடமையே. வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரத்தின் முதலாவது குறளே, கணவனின் வருவாய்க்குத் தக்கபடி குடும்பம் நடத்துபவளைத்தான் நல்ல துணை என்று போற்றுகின்றது. அக்காலத்தில் அது மனைவிக்குச் சொல்லப்பட்டது. இக்காலத்தில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதாகவே கொள்ள வேண்டும்.

திருவீழிமிழலைக் காசு

பெரியபுராணத்திலே காசைப் பற்றிய ஓர் அருமையான நிகழ்ச்சி உண்டு. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார் கூட்டத்தோடு திருவீழிமிழலையில் தங்கியிருந்தபோது மழை பொய்த்தது. நாட்டிலே பஞ்சம் வந்தது. அடியார்களுக்கு எவ்வாறு அமுதளிப்பது என்று இருவரும் கவலைகொண்டார்கள். இறைவன் கனவிலே தோன்றி, பஞ்சம் நீங்கும்வரை நாளுக்கு ஒவ்வொரு காசு தருவதாக அருளினார். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் அப்பருக்கும் காசு வைக்கப்பட்டது. அந்தக் காசைக்கொண்டு பண்டம் வாங்கி இருவர் மடங்களிலும் அடியார்களுக்கு அமுதளித்தார்கள்.

சில நாள்களில் ஒரு வேறுபாடு தெரிந்தது. அப்பர் மடத்தில் நேரத்துக்கு உணவு ஆயிற்று. சம்பந்தர் மடத்தில் தாமதமாயிற்று. ஏன் என்று சம்பந்தர் விசாரித்தபோது, தமக்குக் கிடைக்கும் காசுக்குக் கடையிலே வட்டம் கேட்கின்றார்கள், அப்பர் பெறும் காசை வட்டம் இல்லாமலே ஏற்றுக்கொள்கின்றார்கள் என்று மடத்தவர் சொன்னார்கள். அப்பர் கைத்தொண்டு செய்பவர். உழவாரப்படை ஏந்திக் கோயில் வீதியில் புல் செதுக்கியவர். அதனால் அவர் காசு குறைவில்லாத காசாக இருந்தது என்பதைச் சம்பந்தர் உணர்ந்தார். பின்னர் பதிகம் பாடி, தமது காசின் குறையையும் நீக்கும்படி வேண்டி, அவ்வாறே பெற்றார்.

அடியார்களே, இந்தக் கதையை நாம் அற்புதமாக மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகின்றோம். இதிலே எங்களுக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன. உழைப்போடு வந்த காசுக்கே முழு மதிப்பு என்பது ஒன்று. உணவு ஏன் தாமதமாகின்றது என்று ஞானக் குழந்தையே இறங்கி வந்து கணக்குக் கேட்டது என்பது இரண்டு. ஞானசம்பந்தர் கேட்ட கணக்கை எங்கள் வீட்டில் நாம் கேட்பதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்? மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகின்றது. இறைவன் ஒரு பொற்குவியலைக் கொடுக்கவில்லை. நாளுக்கு ஒரு காசுதான் கொடுத்தார். நாளுக்கு ஒரு காசைக் கொண்டு ஒரு பஞ்சத்தையே கடக்கலாம் என்பதை அங்கே காட்டியிருக்கின்றார்.

எங்கள் முன்னோரின் முறை

எமது தாய்மார் வங்கிக்குப் போகாதவர்கள். ஆனால் சேமிக்கத் தெரிந்தவர்கள். அடுப்பில் உலை வைக்கும்போது அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துப் பானையில் போட்டுவைப்பார்கள். அந்தப் பிடியரிசி மாத முடிவில் கோயிலுக்கும் போகும், அயலில் இல்லாதவர் வீட்டுக்கும் போகும், சில வேளை எங்கள் வீட்டு அடுப்புக்கே திரும்பியும் வரும். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கினார்கள். பனங்களியைப் பாயில் ஊற்றிப் பினாட்டாக்கினார்கள். அவையெல்லாம் பண்டத்தில் செய்த சேமிப்பு. நெல் விளைந்தால் முதலில் விதைநெல்லை ஒதுக்கிக் கட்டிவைத்துவிட்டுத்தான் மிகுதியைச் சாப்பாட்டுக்கு எடுத்தார்கள். “பசி கிடந்தாலும் விதைநெல்லிலை கை வைக்கக் கூடாது” என்று என் தாயார் சொல்வார். செலவு போக மிஞ்சியதைச் சேமிப்பது அவர்களுடைய முறையன்று. முதலில் ஒதுக்கிவிட்டு மிஞ்சியதைச் செலவழிப்பதே அவர்களுடைய முறை. இன்றைக்குப் பொருளியல் படித்தவர்கள் சொல்வதும் இதைத்தான்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் எல்லோரும் வீடு வாசலை விட்டு வெளியேறியதை இதைப் படிக்கும் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மழைக்குள்ளே நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்த கூட்டத்தில் நானும் என் தாயாரும் இருந்தோம். நான் சைக்கிளில் ஒரு மூட்டை உடுப்புகளையும் என் சான்றிதழ்களையும் கட்டியிருந்தேன். அம்மாவின் மடியில் ஒரு கொட்டைப்பெட்டி, கையில் ஒடியல் கட்டிய ஒரு பை. “இதை ஏனம்மா காவிக்கொண்டு வாறியள்?” என்று நான் எரிந்து விழுந்தேன். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியபோது, அந்த ஒடியல்தான் எங்களுக்கும் பக்கத்தில் இருந்த இரண்டு குடும்பங்களுக்கும் பல நாள்கள் கூழாயிற்று. கொட்டைப்பெட்டியில் இருந்த காசு குழந்தைக்குப் பால்மா வாங்க உதவிற்று. அந்தக் குழந்தை எங்கள் உறவும் இல்லை. சேமிப்பு இருந்தவரிடம்தான் அன்றைக்குத் தருமமும் இருந்தது.

நான் செய்த தவறு

இவ்வளவும் தெரிந்த நான் தவறு செய்யவில்லையா? செய்தேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை.

2012 ஆம் ஆண்டு எங்கள் குடும்பத்தின் திருவிழா உபயம் வந்தது. முதல்நாள் உபயகாரர் இரண்டு கூட்டு மேளம் பிடித்திருந்தார். நான் நான்கு கூட்டு மேளம் என்றேன். மின் அலங்காரம், வாணவேடிக்கை, வெளியூர் இசைக்குழு எல்லாம் சொல்லியாயிற்று. ஆசிரியச் சம்பளத்தில் அதற்குக் காசு ஏது? மனைவியின் ஐந்து பவுண் தாலிக்கொடியைக் கேட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் நின்றாள். நானோ பெரியபுராணம் படித்தவன் அல்லவா? குங்குலியக்கலய நாயனாரை இழுத்தேன். “அந்த நாயனாரின்ரை மனிசி தாலியைக் கழற்றிக் குடுக்கேல்லையோ? அவர் அதைக் குடுத்துச் சுவாமிக்குக் குங்குலியம் வாங்கேல்லையோ?” என்று கேட்டேன்.

அதற்கு அவள் சொன்ன மறுமொழி இன்றைக்கும் என் காதில் இருக்கின்றது. “அவர் குங்குலியம் வாங்கினவர். நீங்கள் பேர் வாங்கப் போறியள்.”

சொல்லிவிட்டுக் கொடியைக் கழற்றித் தந்தாள். 150,000 ரூபாவுக்கு அடைவு வைத்தேன். திருவிழா சிறப்பாக நடந்தது. மூன்று நாள் ஊர் அதைப் பற்றிக் கதைத்தது. நாலாம் நாள் அடுத்த உபயகாரரின் வாணவேடிக்கையைப் பற்றிக் கதைத்தது.

அதன் பிறகு பதினான்கு மாதங்கள் என் மனைவி மஞ்சள் கயிற்றோடு இருந்தாள். கலியாண வீடுகளுக்குப் போனால் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொள்வாள். என் பெருமைக்காக வாணவேடிக்கை விட்ட அதே கோயிலில் அவள் பின்வரிசையில், தூண் மறைவில் நின்று கும்பிட்டாள். 2013 இல் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை சடுதியாக இறங்கியது. அடைவு வைத்த இடத்திலிருந்து ஏல அறிவித்தல் வந்தது. வட்டியும் முதலுமாக 180,000 ரூபாவுக்கு மேல் கட்டவேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் அவளே அதைக் கண்டுபிடித்து எடுத்து வாசித்துவிட்டு, பெட்டிக்குள்ளிருந்து ஒரு பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கலியாணம் செய்த ஆண்டிலிருந்து சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் 500 ரூபா போட்டு வந்திருக்கின்றாள். கோழி முட்டை விற்ற காசும், நான் வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்ததும். வட்டியோடு 90,000 ரூபாவைத் தாண்டியிருந்தது. மிகுதிக்கு அந்தச் சங்கத்திலேயே குறைந்த வட்டிக்குக் கடன் எடுத்து, ஏலத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னர் கொடியை மீட்டோம்.

அன்று மாலை கோயிலுக்குப் போய் நின்றேன். குங்குலியக்கலயர் கதையை அன்றுதான் சரியாக விளங்கிக்கொண்டேன். திருக்கடவூரில் அவர் குங்குலியம் இட்டது நாள்தோறும் செய்த தொண்டு. யாரும் பார்த்துப் புகழ்வதற்காக அன்று. வறுமை வந்தபோதும் அவர் அந்தத் தொண்டை விடவில்லை என்பதே கதை. அடுத்த வீட்டுக்காரரை விடப் பெரிதாகக் குங்குலியம் எரிக்க வேண்டும் என்று அவர் எண்ணியதாகக் கதையில் எங்கும் இல்லை. புராணத்தை எடுத்து என் பெருமைக்குப் போர்வையாகப் போட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. கடன் அதற்கு அடுத்ததுதான்.

கடனின் கணக்கு

பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன் என்ற முறையில் இரண்டு கணக்குகளை உங்கள் முன் வைக்கின்றேன். பிள்ளைகளோடு இருந்து நீங்களே செய்து பாருங்கள்.

ஊரில் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபா வட்டி என்று கொடுக்கின்றார்கள். கேட்கும்போது ஐந்து ரூபா சிறிதாகத் தெரியும். ஆண்டுக்கு அது 60 வீதம். 50,000 ரூபா வாங்கினால் மாதம் 2,500 ரூபா வட்டி. இருபது மாதம் வட்டி மட்டும் கட்டினால் 50,000 ரூபா கட்டியாயிற்று. முதல் அப்படியே 50,000 ரூபாவாக நிற்கும்.

இரண்டாவது, கிழமைக் கடன். 40,000 ரூபா தருகின்றார்கள், கிழமைக்கு 1,000 ரூபாவாக 52 கிழமைகள் கட்டச் சொல்கின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 52,000 ரூபா. வட்டி 12,000 ரூபா, அதாவது 30 வீதம் என்று நினைப்போம். அது சரியன்று. ஆண்டு முழுவதும் 40,000 ரூபாவும் எங்கள் கையில் இருப்பதில்லையே. கிழமைக்குக் கிழமை முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகின்றோம். உண்மையில் கையில் இருக்கும் காசுக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டு வட்டி 50 வீதத்தைத் தாண்டும்.

2009 இல் போர் முடிந்த பின்னர் இவ்வாறான நுண்கடன்கள் வடக்குக் கிழக்குக் கிராமங்களுக்குப் பெருகி வந்தன. வீட்டு வாசலுக்கே வந்து, பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு ஒருவர் பிணையாக்கிக் கொடுத்தார்கள். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது என்று எத்தனையோ தாய்மார் தவித்தார்கள். தவணை கேட்டு வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்வேலியால் போய் மறைந்துகொண்டவர்களை நான் அறிவேன். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணத் திட்டம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை போயிற்று. கடனில் விழுந்தவர்கள் எல்லோரும் ஊதாரிகள் அல்லர். நோயும் வரட்சியும் பலரை விழுத்தின. அவர்களைப் பழிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் கடன் எடுக்கும் முன்னர் மூன்று கேள்விகளைக் கேட்கும் கடமை எல்லோருக்கும் உண்டு. இந்தக் கடன் உழைத்துத் தருமா, அல்லது தின்று தீருமா? மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும்? ஒரு மாதம் வேலை இல்லாமற் போனால் எதைக்கொண்டு கட்டுவது? கிணற்றடிக்கு நீர்ப்பம்பி வாங்க எடுக்கும் கடனும் சாமத்தியச் சடங்குக்கு வீடியோ எடுக்க எடுக்கும் கடனும் ஒன்றல்ல.

குடும்பமாக இருந்து கணக்குப் பார்த்தல்

கொடியை மீட்ட மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, சுவாமி அறையில் விளக்கேற்றித் தேவாரம் பாடி முடித்த பின்னர், அதே பாயில் நால்வரும் இருந்து ஒரு கொப்பியைத் திறப்போம். இடப்பக்கத்தில் வரவு, வலப்பக்கத்தில் செலவு. மகள்தான் எழுதுவாள். முதல் மாதம் எழுதியபோதுதான் தெரிந்தது, நாங்கள் நினைத்த செலவு ஒன்று, நடந்த செலவு வேறொன்று. றீலோட் காசும் கடையில் வாங்கிய சிற்றுண்டியும் மட்டும் மரக்கறிச் செலவை எட்டிப் பிடித்திருந்தன. புதுச் சப்பாத்துக்காக முகத்தை நீட்டிக்கொண்டிருந்த மகன் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அறையை விட்டு வெளியே வரும்போது மின்விளக்கை நிறுத்திவிட்டு வந்தான். பிள்ளைகளுக்குக் கஷ்டம் தெரியக்கூடாது என்று மறைக்கின்றோம். தெரியாத பிள்ளை கேட்டுக்கொண்டேதான் இருக்கும். தெரிந்த பிள்ளை தோள் கொடுக்கும்.

எல்லோருக்கும் பொருந்தக்கூடிய சில முறைகளைச் சொல்கின்றேன்.

காசு வந்த அன்றே நான்கு கடித உறைகளில் பிரித்துவிடுங்கள். முதலாவது விதைநெல், அதாவது சேமிப்பு. இரண்டாவது சாப்பாடும் வீட்டுச் செலவும். மூன்றாவது பிள்ளைகளின் படிப்பும் மருந்தும். நான்காவது கோயிலும் தருமமும் நல்லது கெட்டதுகளும். ஓர் உறை முடிந்தால் மற்ற உறையில் கை வைப்பதற்கு வீட்டார் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். முதலாவது உறையில் எக்காரணம் கொண்டும் வீண் செலவுக்குக் கை வைக்கக்கூடாது. கூலி வேலைக்குப் போகின்றவர்களும் கடற்றொழில் செய்கின்றவர்களும், “எங்களுக்கு மாதச் சம்பளமா வருகின்றது?” என்று கேட்கலாம். உங்களுக்குத்தான் இது இன்னும் அவசியம். வேலை உள்ள நாளில் வேலை இல்லாத நாளுக்கும் சேர்த்து உழைக்கின்றீர்கள் என்பதை மறக்கக்கூடாது.

நாளுக்கு 100 ரூபா ஒதுக்கினால் ஆண்டுக்கு 36,500 ரூபா. ஒரு நாள் குடிக்கும் சோடாவும் புகைக்கும் சுருட்டும் சேர்ந்தால் அந்தக் காசு. சாராயத்துக்குப் போகும் காசைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதைக் கொப்பியில் ஒரு மாதம் எழுதிக் கூட்டிப் பார்த்தாலே போதும், அந்தக் கூட்டுத்தொகையே புத்தி சொல்லும்.

சேமிப்பை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2022 ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டு செப்ரெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தடவையில் 340 ரூபாவாயிற்று. தோட்டத்துக்கு இறைப்பவர்களும் கடலுக்குப் போகின்றவர்களும் பட்ட பாட்டை நாம் கண்டோம். அப்போது வங்கியில் காசு வைத்திருந்தவருக்கும் அதன் பெறுமதி கரைந்தது. முற்றத்தில் முருங்கையும், வேலியோரத்தில் மரவள்ளியும், கொல்லையில் நாலு கோழியும் வைத்திருந்தவர் பட்டினி கிடக்கவில்லை. ஆகவே கொஞ்சம் வங்கியில், கொஞ்சம் கூட்டுறவுச் சங்கத்தில், கொஞ்சம் மண்ணில் என்று வைப்பதே அறிவு. சீட்டுக் கட்டுவதானால், நடத்துபவரின் நாணயத்தை நன்கு அறிந்து, இழந்தாலும் குடும்பம் ஆடாத அளவுக்கு மட்டும் கட்டுங்கள்.

வெளிநாட்டிலிருந்து காசு வரும் வீடுகளுக்கும் ஒரு சொல். அந்தக் காசு அங்கே மரத்தில் காய்ப்பதில்லை. பனிக்குளிரில் இரவு வேலை செய்து, தன் உணவைச் சுருக்கி, அண்ணனோ தம்பியோ அனுப்பும் காசு அது. திருவீழிமிழலையில் அப்பர் பெற்ற காசைப் போல அதுவும் உழைப்பின் காசு. அதை வாங்குகின்றவர்களும் கொப்பியில் எழுத வேண்டும். ஆண்டு முடிவில் அனுப்பியவருக்கு அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். அவர் கேட்கமாட்டார். கேட்காதவருக்குக் கணக்குக் காட்டுவதே நன்றி.

சிக்கனம் வேறு, உலோபம் வேறு

இவற்றைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு காசை எண்ணிக்கொண்டிருப்பவராக யாரும் மாறிவிடக்கூடாது. இளையான்குடி மாற நாயனாரை நினையுங்கள். வறுமை முற்றிய காலத்திலே, நள்ளிரவில், மழையில் நனைந்து வந்த அடியாருக்கு அமுதளிக்க வீட்டில் ஒன்றும் இல்லை. அன்று பகல் வயலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தார். மனைவியார் அதை வறுத்துக் குற்றி அமுதாக்கினார். விதைநெல்லில் கை வைக்கக்கூடாது என்று சற்று முன்னர் சொன்ன நானே இதையும் சொல்கின்றேன். இரண்டுக்கும் முரண் இல்லை. தன் பசிக்கும் தன் பகட்டுக்கும் விதைநெல்லைத் தொடாதவன் கையில்தான், இன்னொருவன் பசிக்கு அள்ளிக் கொடுக்க விதைநெல் மிஞ்சியிருக்கும். தனக்குச் செலவழிக்கும்போது யோசிப்பவன் சிக்கனக்காரன். பிறருக்குக் கொடுக்கும்போது மட்டும் யோசிப்பவன் உலோபி.

ஆலயத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

இறுதியாக, எங்கள் ஆலய உபயகாரர்களுக்கும் பரிபாலன சபையினருக்கும் கைகூப்பி ஒரு விண்ணப்பம். எந்த அடியவரும் கடன் பட்டு உபயம் செய்ய வேண்டாம் என்று எம்மவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அபிடேகம், அருச்சனை, நைவேத்தியம், அன்னதானம் ஆகிய இவை குறைவில்லாமல் நடந்தால் திருவிழா குறைவில்லாத திருவிழாதான். வசதி குறைந்த இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஓர் உபயம் செய்வதை நாம் பெருமையாக ஏற்க வேண்டும். வாணவேடிக்கைக்குப் போகும் காசில் ஒரு பகுதியை ஊரிலுள்ள பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கினால், அந்த ஒளி ஒரு நொடியில் அணைந்துபோகாது. ஓர் அறுகம்புல்லைக் கொடுத்தாலும் மகிழ்ந்து ஏற்கின்றவர் எங்கள் பிள்ளையார். அவர் எவருடைய தாலிக்கொடியையும் கேட்டதில்லை. கேட்டவன் நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பின்னர், பிள்ளைகளையும் அழைத்து, ஒரு கொப்பியைத் திறந்து முதல் வரியை எழுதுங்கள். பிள்ளையார் சுழி போட்டே தொடங்குங்கள். அந்தச் சுழியின் கீழே எழுதப்படும் கணக்கில் பொய் எழுத எவருக்கும் மனம் வராது.

கடன் நீங்கி, கலக்கம் நீங்கி, கோயிலுக்கு வரும்போது மனம் முழுவதையும் இறைவனிடம் கொண்டுவரும் பேறு எங்கள் ஊரிலுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் கிடைக்க விநாயகப் பெருமானின் திருவருளை வேண்டி அமைகின்றேன்.

சுபம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியன், ஆலய அடியவன்